எத்தனை சுவர்

கடைக்காரன் எத்தனை அறை என்று கேட்கவில்லை,
எத்தனை சுவர் என்று கேட்டான்.
நான்கு என்றேன். கல்லா என்றான்.
கருங்கல், ஒன்றரை முழக் கனம்,
பொந்தேவேத்ராவின் பழைய தெருவில்
எல்லா வீடும் அப்படித்தானே என்றேன்.
பேனாவை மூடிவிட்டான்
கைவிட்ட நோயாளியிடம் வைத்தியன் மூடுவது போல.

விலை ஏற ஏற ரவுட்டருக்குக் கொம்பு கூடுகிறது.
அறுபது யூரோவுக்கு இரண்டு.
நூற்றிருபதுக்கு நான்கு.
எட்டுக் கொம்போடு ஒன்று கண்ணாடிக்குள்
மல்லாந்து கிடந்தது, சந்தை நண்டு மாதிரி.
நான்கு கொம்பை வாங்கினேன்.
வெளியே மழை. கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தேன்.

அலை இரண்டு வகை என்கிறது கையேடு.
ஐந்து பறக்கும்,
சுவரைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும்.
இரண்டு புள்ளி நான்கு மெல்லத்தான் போகும்,
ஆனால் கல்லுக்குள்ளும் கசியும்
இங்கே நவம்பர் கசிவது போல.
என்னையும் தம்பி ப்ரெய்ஷோவையும் நினைத்துக்கொண்டேன்.
யார் எது என்று சொல்ல மாட்டேன்.

உள்நுழையப் பெயர்: அட்மின்.
கடவுச்சொல்: அட்மின்.
பூட்டையும் சாவியையும்
ஒரே சோம்பேறி செய்திருக்கிறான்.

பழையது ஒன்பது வருடம்
தெருப்பக்க ஜன்னல் திண்டில் இருந்தது.
கம்பி அங்கேதான் வீட்டுக்குள் வருகிறது, அதனால்.
போன மாதம் அது இழுத்துக்கொண்டு கிடந்தபோது
ப்ரெய்ஷோ தொலைபேசியில் பட்டியலைத் திறக்கச் சொன்னான்:
உன் வீட்டில் ஆறு கருவி. ஏழாவது யார்?
பெயரில்லை. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் மட்டும்.
அதிகாலை மூன்று பத்துக்கு வரும்,
மூன்று முப்பதுக்குப் போய்விடும்.
திருட்டு, சாவியை மாற்று என்றான்.
மாற்றுகிறேன் என்றேன்.
செவ்வாய்க்கிழமை ரவுட்டரே செத்துப்போனது.

ஆகவே புதியதைக் கையேடு சொன்னபடி வைத்தேன்:
வீட்டின் நடுவில், உயரத்தில்,
அடுப்புக்கும் தண்ணீருக்கும் தள்ளி.
என் வீட்டின் நடுவில் இருப்பது மாடிப்படி.
ஏழாம் படியில் ஆணி அடித்தேன். சுத்தியல் எகிறியது.
புதுப் பெயர். பத்தொன்பது எழுத்தில் புதுச் சாவி.
அடுக்களையிலும் நான்கு கோடு!

அன்றிரவு மத்தி டப்பா ஆலையின் வழக்குக் காகிதம்,
விடிவதற்குள் மொழிபெயர்த்தாக வேண்டும்.
மூன்று பத்துக்கு என் ஜன்னலுக்குக் கீழே
கல் பெஞ்சில் ஆள் உட்காரும் சத்தம்.
எதிர் பேக்கரியின் இரவு வேலைக்காரன்.
முழங்கை வரை மாவு.
போனை இடதுபக்கம் நீட்டினான். வலதுபக்கம்.
எழுந்து நின்று தலைக்கு மேல் பிடித்தான்.
உட்கார்ந்தான்.
போன் முழங்காலில் இருண்டது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றான்.
ஒரு தடவை மறுபடி முயன்றான்.
யாரைக் கூப்பிட, அங்கே மணி என்ன,
எனக்குத் தெரியாது.

என் சாவி இவனுக்கு எப்படிக் கிடைத்தது?
காலையில் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.
செத்த ரவுட்டர் இன்னும் திண்டில்தான் இருந்தது,
முதுகைத் தெருவுக்குக் காட்டியபடி.
முதுகில் ஒட்டுச்சீட்டு. சீட்டில் பெயர். பெயருக்குக் கீழே சாவி.
ஒன்பது வருடமாக நான்
கதவைத் தாழிட்டுத் தாழிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. பிறகு கோபமும் வந்தது,
பொய் சொல்வானேன்.
வங்கிக் கணக்கு, வழக்குக் காகிதம், எல்லாம் அதே காற்றில்தானே.
இரண்டு நாள் ஏழாம் படியைப் பார்க்காமல் ஏறி இறங்கினேன்.

புதியதன் அடிப்பக்கம் ஊசி நுழையும் ஒரு துளை.
பத்து விநாடி அழுத்தினால்
நீ சொன்னதெல்லாம் மறந்து
ஆலையில் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும்.
மூன்றாம் நாள் கொண்டை ஊசியை எடுத்தேன்.
அட்மின் அட்மினை மட்டும் திரும்ப மாற்றினேன்.
விருந்தினருக்கென்று தனி வழி ஒன்று பிரித்து
அதற்குச் சீட்டில் அச்சான பெயரையும் சாவியையும் கொடுத்தேன்.
எனக்கு மட்டும் வேறு.

ஆணியைப் பிடுங்கினேன்.
ஜன்னல் திண்டைத் துடைத்தேன்.

அடுக்களையில் இப்போது ஒரே கோடு.
அதுவும் குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தால் இல்லை.
ப்ரெய்ஷோ கூப்பிட்டான்:
நடுவில் வை என்று எத்தனை தட... நான் சொன்... கேட்கிற...
கேட்கவில்லை என்றேன்.

கொம்பு நான்கும் தெருவைப் பார்க்க,
சீட்டு கண்ணாடியை ஒட்ட.
பொடி எழுத்துதான், தெருவிளக்கு போதும்.
மூன்று பத்து வரை விழித்திருக்கலாம் என்று நினைத்தேன்.
தூங்கிவிட்டேன்.